யாரும் முறையிடாத பந்து

1

இது கதையாகத் தொடங்கவில்லை. ஒரு விழா மலருக்கான நான்கு பக்கக் கட்டுரையாகத் தொடங்கியது. ஸ்ரீரங்கத்துக் கிரிக்கெட் சங்கம் ஒன்று தன் ஐம்பதாம் ஆண்டு விழாவை வரும் ஞாயிற்றுக்கிழமை நடத்தவிருக்கிறது. இனி ஆண்டுதோறும், நேர்மையாக ஆடும் ஒருவருக்கு அச்சங்கம் கேடயம் வழங்கும். கேடயத்தின் பெயர் ‘நவநீதன் நேர்மைக் கேடயம்.’ நவநீதன் என் அக்காள் மகன். மாநில அணிக்காக முப்பத்தொரு முதல்தர ஆட்டங்கள் ஆடியவன். இடக்கைச் சுழற்பந்து வீசுவான். ஆறாவதாக இறங்கி மட்டை பிடிப்பான். இப்போது நாற்பத்து நான்கு வயது. கைலாசபுரத்தில் குடியிருந்து, அங்குள்ள தொழிற்சாலையிலேயே வேலை பார்க்கிறான்.

நான் முப்பத்தாறு ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஐந்து சிறுகதைத் தொகுதிகள் வெளியிட்டிருக்கிறேன். அவற்றுள் இரண்டில் அச்சுப்பிழைகள் உள்ளன, அவற்றை என் நூல்கள் என்று நான் சொல்லிக்கொள்வதில்லை. சங்கத்தின் செயலாளர் தொலைபேசியில் கேட்டார்.

“நாலு பக்கம் போதும் மேடம். நல்லா உருக்கமா இருக்கணும்.”

“உருக்கம் என்கிட்ட கிடைக்காது.”

“அப்ப சும்மா நாலு பக்கம் குடுங்க.”

ஒப்புக்கொண்டேன். மூன்றாம் நாள் நவநீதன் என் வீட்டுக்கு வந்து, அந்தக் கேடயத்துக்குக் காரணமான நிகழ்ச்சி பொய் என்றான். அதை நான் அம்மலரில் எழுத வேண்டும் என்றான். எழுதினால் அவன் தந்தைக்குத் தெரிந்துவிடும். அவன் வாயால் சொல்ல வேண்டியதில்லை.

அவன் தந்தை ரெங்கராஜுக்கு எண்பத்திரண்டு வயது. பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் நான் உறையூரிலிருந்து ஸ்ரீரங்கம் போய் அவருக்குச் செய்தித்தாள் வாசிக்கிறேன். அந்த மலரையும் நான்தான் வாசிப்பேன்.

ஆகவே கட்டுரை நின்றுவிட்டது, கதை தொடங்கிவிட்டது. எனக்குக் களைப்பாக இருக்கிறது. இந்தச் சொல் இக்கதையில் இன்னும் பல இடங்களில் வரும். ஒவ்வோரிடத்திலும் அடித்துப் பார்த்தேன், அடிக்க முடியவில்லை.

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்களை மறைப்பது நாகரிகம் என்று ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். இப்போது அந்த அக்கறை இல்லை.

முதல் தொடக்கம்: நவநீதன் பிறந்த அன்று அவன் தந்தை மைதானத்தில்

(நிறுத்திவிட்டேன். எல்லா விளையாட்டு வீரர்களும் தந்தை மைதானத்தில் இருக்கும்போதுதான் பிறக்கிறார்கள். உண்மையில் அன்று ரெங்கராஜ் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலையில் இருந்தார்.)

இரண்டாம் தொடக்கம்: காவிரியில் தண்ணீர் கரைபுரண்ட ஆண்டு அது.

(அது அந்த ஆண்டு அன்று. மேலும், திருச்சிக்காரர்கள் எதை எழுதினாலும் முதல் வரியில் காவிரியைக் கொண்டுவந்து நிறுத்துவது ஒரு நோய். பாலத்தில் வாரம் மூன்று நாள் நெரிசலில் நிற்கிறேன். ஆற்றைப் பார்த்துப் பல மாதங்கள் ஆகின்றன.)

மூன்றாம் தொடக்கம்: நவநீதன் நடந்தான்.

இது நிற்கும். ஆனால் இதற்கு விளக்கம் வேண்டும்.

3

மட்டையின் ஓரத்தில் பந்து உரசி, விக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் காப்பாளர் அதைப் பிடித்துவிட்டால் ஆட்டக்காரர் வெளியேற வேண்டும். உரசல் பல நேரங்களில் கண்ணுக்குத் தெரியாது. பந்து வீசும் அணியினர் நடுவரைப் பார்த்துக் கூவி முறையிடுவார்கள். நடுவர் விரலை உயர்த்தினால் ஆட்டமிழப்பு. உயர்த்தாவிட்டால், உரசியது தெரிந்திருந்தும் பெரும்பாலோர் வானத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நிற்பார்கள். அதில் சட்டப்படி குற்றமில்லை.

என் அத்தான் ரெங்கராஜ் வீட்டில் அது குற்றம். அவருடைய தந்தை ராமர், பொன்மலைப் பணிமனை அணிக்கு ஆடியவர். பந்து பட்டது என்று தெரிந்தால் நடுவர் பக்கம் திரும்பாமலே மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்துவிடுவார். மகன் ரெங்கராஜ் மாவட்ட அணிக்குப் பதினெட்டு ஆண்டுகள் விக்கெட் காத்தவர்; அவரும் அப்படியே. நடுவரின் கையைத் திரும்பிப் பார்ப்பது அடுத்தவர் பையைத் திறந்து பார்ப்பதற்குச் சமம் என்பது அந்த வீட்டுச் சட்டம். என் அக்காள் பவுனம்மாள் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போய் ஐம்பத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவளுடைய உரை வேறு. (அறிவு என்று அவள் கூப்பிடுவது என்னை.)

“இந்த வீட்டு ஆம்பளைங்க அவுட்டே ஆக மாட்டாங்க அறிவு. தானா நடந்துதான் வருவாங்க. எப்படி வந்தாலும் பேன்ட்டுல செம்மண்ணு ஒண்ணுதான்.”

நவநீதனின் நடை மற்ற இருவர் நடையினும் புகழ்பெற்றது. இரண்டாயிரத்து எட்டு, புரட்டாசி மாதம். மண்டல அணிக்கு ஆள் தேர்ந்தெடுப்பதற்கான மூன்று நாள் ஆட்டம், திருச்சியில் ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்தது. தேர்வாளர்கள் இருவர் பந்தலில் அமர்ந்திருந்தார்கள். ரெங்கராஜும் அமர்ந்திருந்தார். மூன்றாம் நாள், நவநீதன் நாற்பத்தொரு ஓட்டங்களுடன் ஆடிக்கொண்டிருந்தபோது, ஒரு பந்து மட்டையைக் கடந்து காப்பாளரின் கைக்குப் போனது. காப்பாளர் முறையிடவில்லை. பந்து வீசியவன் முறையிடவில்லை. ஒருவருமே முறையிடவில்லை. நவநீதன் நடந்தான்.

மறுநாள் செய்தித்தாளில் நான்கு வரிகள் வந்தன: பந்து பட்டது அவருக்கு மட்டுமே தெரியும், ஆயினும் வெளியேறினார். மண்டல அணியில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த இடம் கிடைத்தவன் பிற்பாடு வெளிநாடெல்லாம் போனான். நவநீதன் மேலும் மூன்று பருவங்கள், பெரும்பாலும் பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர் கொண்டுபோனான். பிறகு ஆட்டத்தை விட்டான்.

பதினேழு ஆண்டுகளாக ரெங்கராஜ் இதைச் சொல்லிவருகிறார். முடிதிருத்துபவரிடம் சொல்லியிருக்கிறார். வங்கியில் உயிர்வாழ் சான்று கொடுக்கப் போன இடத்தில் சொல்லியிருக்கிறார். கண் அறுவைக்கு முன் மயக்க மருந்து கொடுத்த பெண் மருத்துவரிடம் சொல்லத் தொடங்கி, பாதியில் மயங்கி, எழுந்தவுடன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். “யாருமே அப்பீல் பண்ணலைங்க” என்னுமிடத்தில் சற்று நிறுத்துவார். அந்த நிறுத்தத்தை நான் அறுபது முறையேனும் கேட்டிருப்பேன்.

அவரிடம் மீதமிருப்பது அது ஒன்றுதான். அதைத்தான் நான் எடுத்துவிட வேண்டும் என்கிறான் மகன்.

4

கட்டுரைக்காக நவநீதனின் ஆட்ட வாழ்வை ஆண்டுவரிசையில் ஒழுங்குசெய்தேன். ஒழுங்குசெய்தபின் அது ஒரு வாழ்வுபோலத் தெரியவில்லை. தொடர்வண்டி அட்டவணைபோல இருந்தது.

முப்பத்தொரு ஆட்டங்கள். ஆயிரத்து இருநூற்று நான்கு ஓட்டங்கள். எழுபத்து நான்கு விக்கெட்டுகள். இவற்றுக்கிடையே, விளையாடாமல் அணியுடன் சென்ற ஆட்டங்கள் நாற்பத்தாறு. இரண்டும் செய்பவன் என்பதால் எதற்கும் அவன் முதல் ஆள் இல்லை. சுழற்பந்துக்குச் சிறந்தவன் காயப்பட்டால் இவனைக் கூப்பிடுவார்கள். மட்டைக்குச் சிறந்தவன் திருமணம் என்று ஊருக்குப் போனால் இவனைக் கூப்பிடுவார்கள்.*

*“ரெண்டு வேலை தெரிஞ்சவனுக்குச் சாப்பாட்டுல ரெண்டாவது பந்திதான் சித்தி” என்று ஒரு முறை சொன்னான். இதை முன்னுரையில் வைத்திருந்தேன். அழகாக இருந்ததால் எடுத்துவிட்டேன். இப்போது அடிக்குறிப்பில் நிற்கட்டும்.

அவனுடைய பழைய கைப்பை என்னிடம் இருக்கிறது. குறிப்புகள் எடுப்பதற்காகக் கொடுத்தான். அதில் விடுதி அறைகளின் சாவி அட்டைகள், வலி நீக்கும் பசை, எந்த ஊரில் எந்தத் தேதி என்று அவன் தந்தை கொட்டை எழுத்தில் எழுதிக்கொடுத்த தாள்கள் ஆகியவை இருந்தன. ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரே வரி: ‘இடது கால் முன்னால் வரட்டும்.’ இருபத்தேழு வயது ஆளுக்கும் அதே வரி.

5

நவநீதன் என்னிடம் சொன்னது இது. சொன்ன முறையிலேயே எழுதுகிறேன். அவன் என் கூடத்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். கொடுத்த மோரை இன்னும் தொடவில்லை.

“படல சித்தி.”

“எது?”

“அந்தப் பந்து. மட்டைக்கும் பந்துக்கும் நாலு விரக்கடை இருந்துச்சு. கால் பேடுலயும் படல, தரையிலயும் மட்டை தட்டல. சும்மா போச்சு.”

“அப்புறம் ஏன் நடந்தே?”

பேசாமல் இருந்தான். நான் வகுப்பறையில் பழகியவள். ஒருவர் பேசாமல் இருக்கும்போது அந்த இடத்தை நிரப்பமாட்டேன்.

“முந்தின நாள் முப்பத்தோரு ஓவர் போட்டிருந்தேன். விரல் தோல் உரிஞ்சு கிடக்கு. காலைலேர்ந்து வெயில்ல நிக்கிறேன். அதெல்லாம் காரணமில்ல. அதெல்லாம் பழக்கம்தான். அப்பா பந்தல்ல உக்காந்திருக்காரு. ஒவ்வொரு ரன்னுக்கும் பக்கத்து ஆளத் தொட்டுத் தொட்டுப் பேசுறது இங்கேர்ந்து தெரியுது. அறுபது அடிச்சா எடுத்துருவாங்க. எடுத்தா இன்னும் அஞ்சு வருஷம். அதே டிரெயினு, அதே ரூமு, அதே தாளு. நெனச்சுப் பாத்தேன் சித்தி. ஆசையே வரல. பயமா இருந்துச்சு.”

“அவுட் ஆகியிருக்கலாமே. மட்டையைத் தூக்கிட்டு நின்னா பந்து ஸ்டம்புல பட்டுரும்.”

“அவுட்டானா வீட்டுக்கு வந்து ராத்திரி பூரா கால் எங்க இருந்துச்சுன்னு கேப்பாரு. நடந்தா கட்டிப்பிடிப்பாரு. எனக்குத் தெரியும். அந்த நேரத்துல சரியாத் தெரிஞ்சுது. பந்து கீப்பர் கைல விழுந்த சத்தம் வந்துச்சு, கால் தானா நடந்துருச்சு. பந்தல் நிழலுக்குப் போய் உக்காரணும், அவ்வளவுதான்.”

“கட்டிப்பிடிச்சாரா?”

“அழுதாரு.”

மோரை எடுத்துக் குடித்தான். பிறகு கேடயத்தைப் பற்றிச் சொன்னான். பதினேழு ஆண்டுகள் அவர் சொல்லும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு இருந்துவிட்டான். அதை அடக்கம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். இனி ஆண்டுதோறும் ஒரு பிள்ளையை மேடையில் ஏற்றி அவன் பெயரில் கொடுப்பார்கள். அதை அவனால் பொறுக்க முடியாது. மறுப்பதற்கோ காரணம் சொல்ல வேண்டும்.

“நீங்க எழுதிருங்க சித்தி. நீங்க எழுதினா அவர் ஒத்துக்குவாரு. உங்க தமிழ் மேல அவருக்கு மரியாதை.”

(இந்த இடத்தில் அவன் கண்கள் கலங்கின என்று எழுதி அடித்தேன். கலங்கவில்லை. அவன் நாற்காலியைப் பழைய இடத்தில் நேராகப் போட்டுவிட்டுப் போனான்.)

6

இப்போது எனக்கு என் கதாபாத்திரத்தின் மேல் ஐயம்.

நாற்பத்து நான்கு வயதில் களைத்துப்போன ஒருவன், தன் வாழ்வு ஏன் இப்படிப் போயிற்று என்பதற்கு ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்ளக்கூடும். ‘எனக்குத் திறமை போதவில்லை’ என்பதைவிட ‘நானே விட்டுவிட்டேன்’ என்பது நினைத்துக்கொள்ள இதமானது. ஒரு செய்தியை ஒருவர் வாய்மொழியை மட்டும் நம்பி எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. அன்று எதிரணியில் விக்கெட் காத்தவர் அடைக்கலராஜ். பாலக்கரையில் இருசக்கர வண்டி உதிரிபாகங்கள் விற்கிறார். எண்ணைத் தேடிப் பேசினேன். நான் இன்னார் என்றதும் அவர் குரல் எழுந்து நின்றது.

“டீச்சர்! எங்க தங்கச்சி அமலராணி உங்க ஸ்டூடண்ட் டீச்சர். உங்க பேரச் சொன்னா இப்பவும் நேரா உக்காரும்.”

“நல்லது. ஒரு பந்தைப் பற்றிக் கேக்கணும்.”

எந்தப் பந்து என்று சொல்வதற்குள் அவர் சிரித்துவிட்டார்.

“பதினேழு வருஷமா யாராச்சும் என்கிட்ட கேப்பாங்களான்னு பாத்துட்டிருக்கேன். ஒருத்தரும் கேக்கல. டீச்சர், மாதா சத்தியமா சொல்றேன், ஒண்ணுமே படல. நான் பந்தப் பிடிச்சு ஸ்லிப்புக்குப் போட்டுட்டேன். திரும்பிப் பாக்குறேன், ஆளு பாதி தூரம் போயிட்டாரு. பாத்ரூம் போறாரோன்னு நெனச்சேன்.”

“நடுவர்?”

“பீமராவ் சார். அவருக்கு ஒண்ணும் புரியல. என்னப் பாக்குறாரு. அதுக்குள்ள பவுலர் ரெண்டு கையையும் தூக்கிட்டு ஓடுறான். சரின்னு நானும் தூக்குனேன். வீடு தேடி வர்ற விக்கெட்ட வேணாம்னு சொல்ல நாங்க என்ன லூசா?”

“பிற்பாடு சொல்லியிருக்கலாமே.”

“எங்க சொல்றது? மறுநாள் பேப்பர்ல போட்டுட்டாங்க. கீப்பருக்கே தெரியலையாம், அவருக்கு மட்டும் தெரிஞ்சுதாம். எங்க மாமனார் அதப் படிச்சிட்டு, ‘ஏன் மாப்ள, உங்களுக்குக் காது மந்தமா?’ன்னு கேட்டாரு டீச்சர். கல்யாணமாகி நாப்பது நாள்தான் ஆச்சு.” குரலைத் தாழ்த்தினார். “ரெங்கராஜ் அய்யா நல்லா இருக்காருங்களா? கீப்பிங் கத்துக்கறப்போ அவரத்தான் பாத்துட்டே இருப்பேன். அவருகிட்ட இதச் சொல்லிராதீங்க.”

ஆக, நவநீதன் சொன்னது சரி. முறையீடு இல்லாததே அவன் நேர்மைக்குச் சான்று என்று ஊர் எடுத்துக்கொண்டது. முறையிட ஒன்றும் நடக்கவில்லை என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அறுபது முறை கேட்டவள் நான். மற்ற வீட்டுப் பிள்ளையாக இருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். ராமர் பேரனை, ரெங்கராஜ் மகனை யார் கேட்பது?

7

முடிவுகள். எழுதிப் பார்த்தவை இரண்டு.

முதலாவது: ஞாயிற்றுக்கிழமை, மேடை. நவநீதன் ஒலிவாங்கியைப் பிடித்து உண்மையைச் சொல்கிறான். ஒரு கணம் மௌனம். பிறகு அவை எழுந்து கைதட்டுகிறது. கேடயத்துக்கு அவன் இப்போதுதான் தகுதி பெற்றான் என்கிறார் செயலாளர்.

(இதை எழுதியதற்காக வெட்கப்படுகிறேன். அவன் அப்படிச் செய்தால் அவனுக்கு இன்னொரு கைதட்டல் கிடைக்கும். அவன் கேட்பது அதுவன்று. முன்வரிசையில் பார்வையற்ற முதியவர் ஒருவர் உட்கார்ந்திருப்பதையும் இந்த முடிவு மறந்துவிடுகிறது.)

இரண்டாவது: சனிக்கிழமை காலை ரெங்கராஜ் உறக்கத்திலேயே

(இல்லை. முடிவு கிடைக்காத எழுத்தாளர்கள் முதியவர்களைக் கொன்றுவிடுகிறார்கள். எனக்கும் எழுபத்து மூன்று வயது. இந்த வழக்கத்தை நான் ஆதரிக்க முடியாது.)

மூன்றாவதை எழுதுவதற்குப் பதிலாக, வியாழக்கிழமை மதியம், அதுவரை எழுதிய தாள்களை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். அச்சகம் வெள்ளி நண்பகலில் பக்கங்களைக் கேட்டிருந்தது. முழங்கால் வலி. சத்திரம் பேருந்து நிலையத்தில் மாறிய பேருந்தில் இடமில்லை. பாலம் முழுவதும் நின்றுகொண்டே போனேன்.

8

ரெங்கராஜ் ஜன்னலருகே நாற்காலியில் இருந்தார்.

“டீச்சரம்மா வந்தாச்சு. இன்னைக்கு வலது கால் இழுக்குது போல.”

“எப்படி அத்தான் தெரியுது?”

“செருப்பு சொல்லுது. கண்ணுதான் போச்சு, காது போகல. மாடில தண்ணி ரொம்பறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே நான் சொல்லிருவேன். உங்க அக்காவக் கேளுங்க.”

“ஆமா, பெரிய பட்டம்” என்றாள் அக்காள் அடுக்களையிலிருந்து. “மோட்டாருக்கு வாட்ச்மேன்.”

மலருக்கு எழுதியதை வாசிக்கப் போகிறேன் என்றேன். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். குடும்பத்தைப் பற்றிய பகுதியை வாசித்தேன், தலையசைத்தார். ஆட்டங்களின் கணக்கை வாசித்தேன்; விக்கெட்டுகள் எழுபத்து நான்கு அல்ல, எழுபத்தைந்து என்று திருத்தினார். (அவர் சொன்னதே சரி. மேலே நான்காம் பகுதியில் அப்படியே விட்டிருக்கிறேன். என் எழுத்தில் தெரிந்தே நான் விட்ட முதல் பிழை இது.) பிறகு அந்தப் பந்துக்கு வந்தேன். “மூன்றாம் நாள், நாற்பத்தொரு ஓட்டங்களுடன்” என்று தொடங்கினேன்.

“இருங்க, நான் சொல்றேன்” என்றார்.

சொன்னார். ஆனால் இம்முறை அவர் சொன்னதில் புதிதாக ஒன்று இருந்தது. ஒருவேளை எப்போதும் இருந்து, நான்தான் கவனிக்காமல் போனேனோ தெரியவில்லை.

“பந்தல் எண்பது கஜம் தள்ளி. பேச்சு, கூச்சல், பின்னால ரோட்டுல பஸ்ஸு. அவ்வளவுலயும் எனக்கு அது வந்துச்சு அறிவு. சின்னதா ஒரு ‘டிக்.’ பதினெட்டு வருஷம் ஸ்டம்புக்குப் பின்னாடி குத்த வச்சு உக்காந்த காது. அடைக்கலராஜுக்கு வரல, அம்பயருக்கு வரல. எனக்கு வந்துச்சு. அய்யோ, பட்டுருச்சேன்னு நான் எந்திரிக்கிறேன், பையன் நடக்குறான். அந்த மைதானத்துல ரெண்டே பேருக்குத்தான் தெரியும். எனக்கும் அவனுக்கும்.”

நிறுத்தினார்.

“அவன் நடக்காம நின்னிருந்தா, எனக்குத் தெரிஞ்சிருக்கும். பெத்தவனுக்குத் தெரிஞ்ச திருட்டா போயிருக்கும். நடந்துட்டான். அதான் அழுதேன். இப்ப எதுவும் தெரியல. நீங்க எப்படி இருக்கீங்கன்னே மறந்து போச்சு. ஆனா கண்ண மூடினா அந்த ‘டிக்’ வருது. அது போதும்.”

தாளில் அடுத்த பத்தி இருந்தது: ‘பந்து மட்டையில் படவில்லை.’ மூன்றே சொற்கள், பிழையில்லாதவை. முப்பத்தாறு ஆண்டுகள் எத்தனையோ பிள்ளைகள் முன்னால் உண்மையை உரக்க வாசித்திருக்கிறேன். வாசிக்க முடியவில்லை. அவர் மகனின் நேர்மையைத்தான் எடுக்கப் போகிறோம் என்று எண்ணி வந்தேன். எடுக்கவிருந்தது இவருடைய காதை.

“மீதி?” என்றார்.

“இன்னும் எழுதல அத்தான்.”

வாசகர் இதைப் பொய் என்று குறித்துக்கொள்ளலாம்.

9

நான்கு மணிக்கு நவநீதன் வந்தான். தொழிற்சாலையில் காலை வேலைமுறை முடிந்து நேராக வந்திருந்தான். சீருடையில் எண்ணெய் வாடை. வாசலிலேயே அவனை நிறுத்தினேன்.

“அப்பாவுக்குப் படிச்சிட்டீங்களா சித்தி?”

“இல்ல. படிக்க மாட்டேன்.”

“உங்களால எழுதாம இருக்க முடியாது. பொய்ய நீங்க விட மாட்டீங்க.”

“எழுதியாச்சு. பையில இருக்கு. ஆனா அது உன் வாக்கியம், என்னுது இல்ல. அன்னைக்கு ஒரு தடவை நடந்தே. இப்ப என் நாலு பக்கத்து மேல ஏறி இன்னொரு தடவை நடக்கப் பாக்கிறே. இப்ப அம்பயர் உங்கப்பா. அவர் கையை நீ பாக்க வேண்டாம், நான் பாத்துச் சொல்லணும். அப்படித்தானே?”

அவன் முகம் அடி வாங்கியதுபோல் ஆயிற்று. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. திருத்தி எழுதலாம்; பேசியது பேசியதுதான் என்பதால் விட்டிருக்கிறேன்.

“சொல்லாமப் போறதுன்னாலும் போ. நான் குறை சொல்ல மாட்டேன். பக்கத்தைக் கிழிச்சுடறேன். கேடயத்தை வாங்கிக்க, வீட்டுக்குப் போ, தூங்கு. உனக்கும் களைப்புதானே” என்றேன். அவர் கேட்டதாகச் சொன்ன அந்தச் சத்தத்தைப் பற்றி அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உள்ளிருந்து குரல் வந்தது.

“யாரு, நவநீதனா? வாசல்ல என்னடா பேச்சு? உள்ள வா. டீச்சரம்மா பாதிலயே நிறுத்திட்டாங்க.”

அவன் காலணிகளைக் கழற்றி, ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே போனான். உட்காரவில்லை. நான் கதவருகே நின்றேன். அக்காள் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா. அந்தப் பந்து மட்டையில படலப்பா.”

“எந்தப் பந்து?”

“நீங்க எல்லார்கிட்டயும் சொல்வீங்களே. அது.”

அக்காள் மிக்சியை நிறுத்தினாள்.

“படாமலா நடந்தே?”

“ஆமாப்பா.”

“ஏன்டா?”

“முடியலப்பா. ஆடவே முடியல. எப்படி வெளிய வர்றதுன்னு தெரியல. நம்ம வீட்டுல வெளிய வர்றதுக்கு அந்த ஒரு வழிதான் இருந்துச்சு.”

ரெங்கராஜ் கோபப்படவில்லை. கோபத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கி வைத்திருந்தேன், அது வீணாயிற்று. அக்காள் அடுக்களை வாயிலுக்கு வந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி, “அன்னைக்கு சாயங்காலம் ஒரு சட்டி சோறு தின்னுட்டு பதினாலு மணி நேரம் தூங்கினான். தோத்த புள்ள அப்படித் தூங்காதேன்னு எனக்கு அப்பவே தோணுச்சு” என்றாள்.

ரெங்கராஜ் தலையை மகன் இருந்த பக்கம் சாய்த்தார். முகத்தை அல்ல, காதைத் திருப்பினார்.

“அப்ப அந்த ‘டிக்’ என்னடா?”

நவநீதன் என்னைப் பார்த்தான். அவனுக்கு அந்தச் சத்தத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அவன் மடையன் அல்லன். தந்தையின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான்.

“எனக்கு வந்துச்சே. அது என்ன?”

இதற்கு மேல் நான் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்கு, ஆட்டங்களின் கணக்கு அடங்கிய இரண்டு பக்கங்களை மட்டும் அனுப்பினேன். எஞ்சிய பக்கங்களைத்தான் நீங்கள் இதுவரை படித்தீர்கள்.

அன்று அவன் விடை சொன்னான். நான் அங்கே இருந்தேன். அது என் காதில் விழுந்தது. அதை இங்கே எழுதமாட்டேன், ஏனென்றால் நான் எழுதினால் அது சரி என்று ஆகிவிடும். அவன் சொல்வதற்கு இரண்டே விடைகள் இருந்தன. ‘பேடு வாரு மட்டைல உரசியிருக்கும்ப்பா’ என்று சொல்லலாம். முதியவருக்குக் காது மிஞ்சும், மகன் மறுபடியும் பொய் சொன்னவன் ஆவான். ‘ஒண்ணுமில்லப்பா, அங்க சத்தமே இல்ல’ என்று சொல்லலாம். பதினேழு ஆண்டுகளில் முதன்முறையாக அவன் முழு உண்மையைச் சொன்னவன் ஆவான். எதைச் சொன்னாலும் அவர் நம்புவார். மகன் சொல்லை ஐயுற்று அவருக்குப் பழக்கமில்லை.

நீங்கள் இந்த அறைக்குப் புதியவர். என்னைப்போல் களைத்தவர் அல்லர். ஒரு விடையை எடுத்துக் கீழே எழுதுங்கள். அதற்கு முன், அவர் கேள்வியோடு காத்திருக்கும் அந்த முகத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நவநீதன் நின்றுகொண்டிருக்கிறான்.

“அது வந்துப்பா,